ஆவுடையப்பனின் நிழல் வந்த வாரம்

புரட்டாசி பிறந்த முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கருவநேரி மனிதர்களின் நிழல்கள் காணாமல் போயின. அதே காலையில்தான் ஆவுடையப்பன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று பெண்டாட்டி சந்தனமாரியோடு சண்டை போட்டு, இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன், திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவளும் ஆத்திரத்தில், போனால் போங்கள், யார் கையைப் பிடித்து இழுத்தார்கள் என்று கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். உச்சி வெயிலுக்கு முன்னால் ஆடு மேய்க்கிறவர்கள் வந்து, வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே குளத்தங்கரைப் பாதையில் அவர் விழுந்து கிடக்கிறார் என்றும், உயிர் இல்லை என்றும் சொன்னார்கள்.

மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். சந்தனமாரி அழவில்லை. விழுந்து கிடந்தவருடைய முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, பஸ் ஸ்டாப் பக்கமா, வீட்டுப் பக்கமா என்று மட்டும் ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டாள். அவர்கள் பதறிப்போய்ப் புரட்டிப்போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்திருந்ததால், ஒருவர் அந்தப் பக்கம் என்றார், இன்னொருவர் இந்தப் பக்கம் என்றார். போகும்போது விழுந்தாரா, மனசு மாறித் திரும்பி வரும்போது விழுந்தாரா என்பதைச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை. பத்து மணி பஸ்ஸின் கண்டக்டருக்கும் ஞாபகம் இல்லை. போனால் போங்கள் என்று சொன்னதுதான் அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அன்று ஊரில் நிழல் இருந்த ஒரே பெரிய மனிதர் ஆவுடையப்பன்தான். கல்லுக்கும் கட்டைக்கும் விழுவது போல, முற்றத்தில் கிடத்தியிருந்த அவருடைய உடம்புக்கு மட்டும் பக்கத்திலேயே நிழல் விழுந்து கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் காலடியைப் பார்த்தார்கள், அங்கே ஒன்றும் இல்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும், புளியமரத்துக்கும் பஸ்ஸுக்கும் நிழல் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று விடியற்காலையில் பிறந்த குழந்தைக்கும் இருந்தது, அதை நர்ஸ் வெயிலில் தூக்கிக் காட்டியபோது சுவரில் குழந்தையின் நிழல் மட்டும் யார் கையிலும் இல்லாமல் அந்தரத்தில் நின்று காலை உதைத்தது. நர்ஸின் கைகள் அந்தச் சுவருக்கு வந்துசேர ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆயிற்று.

ஆமாம், நிழல்கள் வந்தன, ஆனால் தாமதமாக வந்தன. முதலில் பால்வாடிப் பிள்ளைகளின் நிழல்கள் சில நாள் பிந்தி வந்து, பிள்ளைகள் போன வாரம் விளையாடிய விளையாட்டை, பிள்ளைகள் இல்லாத மைதானத்தில் விளையாடின. அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையவை, அப்புறம் கல்யாண வயதில் இருப்பவர்களுடையவை. அவரவர் நிழல், அவரவர் அன்றைக்கு நின்ற அதே இடத்தில், அதே வேளைக்கு வந்து, அன்றைக்குச் செய்ததையே செய்துவிட்டுப் போனது. குழந்தைகள் ஓடி வருகிறார்கள், அதனால் அவர்கள் நிழல் சீக்கிரம் வருகிறது, பெரியவர்களுக்கு முழங்கால் வலி, அதனால் அவர்கள் நிழல் மெதுவாக வருகிறது என்று டீக்கடையில் காரணம் கண்டுபிடித்தார்கள். எங்கள் ஊருக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடும்.

இரண்டு மூன்று வாரங்களில் எல்லாம் பழகிப்போனது. ரேஷன் கடை வரிசையில் நிழல் நின்றால் அதற்கும் ஒரு ஆள் இடம் விட்டு நின்றார்கள், யாருடைய நிழலோ, பிறகு வருத்தப்படக் கூடாது என்று. பஞ்சாயத்துத் தலைவர் மேடையில் பேசிய பேச்சின் நிழல், மேடையைப் பிரித்துக் கொண்டுபோன பிறகு வந்து, வெறும் தரையில் கையை ஆட்டி ஆட்டிப் பேசியது, அவருடைய ஆட்கள் அதற்கும் மாலை போட்டார்கள். மாலை மண்ணில் விழுந்தது, ஆடு வந்து தின்றது. கோழி திருடியவன் ஒருவன், திருடிய கோழியைத் தின்று செரித்துப் பல நாள் கழித்து, தன் நிழல் வேலி தாண்டுவதை ஊரோடு சேர்ந்து நின்று பார்க்க வேண்டியதாயிற்று. மறுக்க முடியாமல் அவனே தலையைச் சொறிந்தான்.

இதற்கிடையில் தலைநகரிலிருந்து ஆராய்ச்சிக் குழு ஒன்று வந்து பஞ்சாயத்துக் கட்டடத்தில் தங்கியது. குழுத் தலைவர் டாக்டர் வைகுண்டராமன், தங்கமான மனிதர், யாரிடமும் கடிந்து பேசாதவர். ஆனால் மணி என்ன என்று கேட்டால் நொடியில் நூற்றில் ஒரு பங்குவரை சொல்வார், சொல்லி முடிப்பதற்குள் அது பழைய மணி ஆகிவிடுவதால் திரும்பவும் சொல்வார். அவர்கள் ஒவ்வொருவருடைய நிழலும் எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நொடி பிந்தி வருகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். ஆதார் அட்டையில் உள்ள பிறந்த தேதியை வைத்து வயதையும் நாள் கணக்காகக் குறித்து, படுக்கை விரிப்பு அளவுக்கு ஒரு தாளில் ஊசி முனையால் புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் கடுகு கொட்டினது மாதிரிச் சிதறிக் கிடந்தன. வயதுக்கும் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவு கட்டினார் வைகுண்டராமன்.

அவர் கணக்கில் தப்பு இல்லை. தப்பு எங்கள் ஊரில் இருந்தது. கருவநேரியில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் ஜூன் ஒன்று. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் ஹெட்மாஸ்டர். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம், உடனே ஐந்து வருஷத்துக்கு முந்தின ஜூன் ஒன்றாம் தேதியை எழுதிச் சேர்த்துக்கொள்வார். ஐந்து வயதுப் பிள்ளையும் காதைத் தொட்டது, ஆடு மேய்த்துவிட்டு எட்டு வயதில் வந்த பிள்ளையும் தொட்டது. அரசாங்கத்துக்கு எல்லோரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். பின்னால் வந்த அட்டைகள் எல்லாம் அந்த ஜூன் ஒன்றை ஒரு நாள் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டன.

எங்கள் ஊர்க் கிழக்குத் தெருவில் மெர்சி ஜெபராணி குடியிருந்தார், பக்கத்து டவுன் காலேஜில் இயற்பியல் எடுக்கிறவர். வெயில் அதிகமாக இருக்கும் நாட்களில் வகுப்பில் வட்டத்தின் கணக்குக்குப் பை மதிப்பை மூன்று என்றே வைத்துக்கொண்டு பாடத்தை முடித்துவிடுவார் என்றும், அதற்காக முதல்வர் அவரிடம் விளக்கம் கேட்டார் என்றும், சுமாராக உண்மை என்று அவர் பதில் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். குழுவின் தாளை அவர் போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அப்புறம் இரண்டு வாளி சுண்ணாம்புக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்த ரைஸ் மில்லின் நீளமான சுவரில் கரியால் இரண்டு கோடு போட்டார், தரையோடு ஒன்று, செங்குத்தாக ஒன்று. அடியில் வயது, உயரத்தில் நிழல் பிந்திய நாள். வயதை அட்டை பார்த்துச் சொல்லக்கூடாது, உங்கள் அம்மா என்ன சொன்னாளோ அதைச் சொல்லுங்கள் என்றார். பெரிய புயலுக்கு அடுத்த வருஷம் பிறந்தேன் என்றாள் ஒருத்தி. குளம் உடைந்தபோது கைக்குழந்தை என்றார் ஒருவர். இந்த ரைஸ் மில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினபோது எனக்கு மீசை முளைத்திருந்தது என்றார் இன்னொருவர். நிழல் வந்துசேர்ந்துவிட்ட ஒவ்வொருவரும் கையைச் சுண்ணாம்பில் முக்கித் தங்கள் இடத்தில் சுவரில் அப்பினார்கள், சிலர் ஏணியில் ஏறி அப்பினார்கள். இரண்டு வருஷம் முன்னே பின்னே சொன்னவர்களின் தப்பெல்லாம் பக்கத்து ஆளின் உள்ளங்கைக்கு அடியில் போய்விட்டது. சாயங்காலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால், வெள்ளைக் கைகளெல்லாம் சேர்ந்து, சுவரில் ஒரு ஏணியைச் சாய்த்து வைத்தது மாதிரி, கீழிருந்து மேலே நேராகப் போயிருந்தன. ஒரு வயதுக்கு ஒரு நாள். அவ்வளவுதான் விஷயம்.

வைகுண்டராமன் அந்தச் சுவருக்கு மிக அருகில் போய் நின்று, ஒவ்வொரு விரலாகப் பார்த்து, இது சரியாக இல்லை, இதுவும் சரியாக இல்லை என்றார்.

"சார், இங்கிட்டு வந்து நின்னு பாருங்க. தூரத்துல வாற ஆள நடைய வச்சு இன்னாருன்னு சொல்லிருதோம். மூக்குக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா மயிர்க்கால்தான் தெரியும், ஆளு தெரியாது. முதல்ல ஆளு யாருன்னு தெரியட்டும், மயிர்க்கால பெறவு எண்ணலாம்" என்றார் மெர்சி.

வைகுண்டராமன் ரோட்டைத் தாண்டி வந்து நின்று பார்த்தார். நல்ல மனிதர் என்று சொன்னேனே, ஒப்புக்கொண்டார்.

விதி தெரிந்ததும் ஊரில் என்னென்னவோ நடந்தது. மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு நிழலைக் காட்டச் சொன்னார்கள். பத்து வருஷமாக இருபத்தொன்பது வயதில் நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் வெயிலில் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். வயதைக் குறைத்துக் கொடுத்து இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆபீஸ் குமாஸ்தாவைப் பார்த்து, உங்கள் நிழல் போன வருஷமே ரிட்டயர்ட் ஆகிவிட்டதே என்று டீக்கடையில் கேட்டார்கள்.

சந்தனமாரி மட்டும் சிரிக்கவில்லை. இறந்துபோனவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டா என்று அவள் மெர்சியின் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் நடந்தபோது உயிரோடுதானே இருந்தார், அந்த நடையின் நிழல் இன்னும் வரவில்லையே, வந்தால் எந்தப் பக்கம் பார்த்து விழுந்தார் என்று கண்ணால் பார்த்துவிடுவேனே என்றாள். மெர்சி அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்து, ஆவுடையப்பன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எத்தனை ஆடு மேய்த்தார், கூடப் படித்தவர்களைவிட எவ்வளவு உயரம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "கார்த்திகை பிறக்கிற வாக்குல வரும்க்கா. ஒரு வாரம் முன்னப் பின்ன இருக்கும். காலையில போயி உக்காந்துக்கிடுங்க" என்றார்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. இதைக் கிளி ஜோசியக்காரனே சொல்லுவான், காலேஜில் படித்து என்ன லாபம் என்றார்கள். குழு அதற்குள் மெர்சியின் விதியை எடுத்துத் திருத்தி, ஒரு வயதுக்குச் சரியாக ஒரு நாள் அல்ல, அதில் இத்தனை பங்கு குறைவு என்று தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு வரி முழுக்க எண்களைச் சேர்த்திருந்தது. சந்தனமாரி படும் பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டு, வைகுண்டராமன் ராத்திரி பகலாக உட்கார்ந்து, ஆவுடையப்பனின் அட்டையில் இருந்த ஜூன் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டு, ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி பதினேழு நிமிடம் என்று நொடியோடு சொன்னார். நொடியோடு சொன்னதும் ஊர் நம்பிவிட்டது. நொடி வரைக்கும் தெரிந்த மனிதருக்கு நாள் தெரியாமலா இருக்கும் என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஊரே குளத்தங்கரையில் திரண்டது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்து வந்தார்கள், சுண்டல் விற்றார்கள், ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுப் போட்டார்கள். பத்து பதினேழுக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வெயில் பளிச்சென்று அடித்தது. தரையில் ஒரு நாயின் நிழல் போனது, கூடவே நாயும் போனது. பத்தரைக்குக் கூட்டம் முணுமுணுத்தது, பதினொன்றுக்கு வேன்கள் கிளம்பின. சந்தனமாரி வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நிழலாகக்கூட அந்த மனிதர் எனக்கு முகம் காட்டமாட்டேன் என்கிறார், திருப்பூருக்கே போய்விட்டார் என்று மறுநாளும் சாப்பிடாமல் கிடந்தாள். எங்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நொடியோடு சொன்னவரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனால், அவரும் ஓர் ஓரத்தில் சாப்பிடாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

மெர்சி போய் அவளை எழுப்பினார். வாரம் இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகை பிறந்திருந்தது, மழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாவிட்டால் நிழல் வந்தாலும் தெரியாது, வந்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும். சந்தனமாரி அவர் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் காலையில் போய் உட்காருவாள், மத்தியானம் எழுந்து வருவாள். மழை பெய்தால் நனைவாள், வெயில் அடித்தால் காய்வாள். குடை பிடித்தால் குடையின் நிழல் அவரை மறைத்துவிடும் என்று குடையைத் தொடவிடமாட்டாள். ஞாயிறும் திங்களும் மழை, செவ்வாய் அரை வெயில், ஒன்றும் வரவில்லை. முதலில் மெர்சி மட்டும் லீவு போட்டுவிட்டுக் கூட உட்கார்ந்தார். அப்புறம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, உட்கார்ந்தபடியே கீரை ஆய்ந்தார்கள், பேன் பார்த்தார்கள். எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாததால் ஒருவரும் எழுந்து போக முடியவில்லை. வைகுண்டராமனும் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

புதன்கிழமை காலை மழை விட்டு, மேகத்துக்கு நடுவே வெயில் அடித்தபோது, வீட்டுப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் கூப்பிடும் சத்தம் கேட்டது. வாசலிலிருந்து இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆவுடையப்பனின் நிழல் பாதையில் வந்தது. கோபம் வந்தால் அவர் வலது தோளை ஏற்றிக்கொண்டு நடப்பார், நிழலுக்கும் தோள் ஏறியிருந்தது. அது விறுவிறு என்று வந்து, சந்தனமாரியின் பாதத்தின் மேலே ஏறி இறங்கி, நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், பஸ் ஸ்டாப் பக்கமாகப் போய்விட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். போகாதீங்க என்று அவள் சொன்னது பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது.

பஸ் ஸ்டாப்பில் நிழல் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். அங்கே இந்தக் கால் மாற்றி அந்தக் கால் ஊன்றி நின்றது. அப்போது பார்த்து ஒரு பெரிய மேகம் சூரியன் மேலே ஏறியது. ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் தரையில் எதற்குமே நிழல் இல்லை, மரத்துக்கும் இல்லை, மாட்டுக்கும் இல்லை. மேகம் விலகி வெயில் வந்தபோது பஸ் ஸ்டாப் காலியாக இருந்தது, நிழல் சந்தனமாரியின் கல்லுக்குப் பக்கத்தில், பாதி வழியில், ஒரு மூட்டை மாதிரி விழுந்து கிடந்தது. தலை எது, கால் எது என்று தெரியவில்லை. ஒரு கை மட்டும் ஒருமுறை அசைந்தது. பிறகு ஈரம் காய்வது போல அதுவும் தரையில் இல்லாமல் போயிற்று.

அந்த மேகம் மட்டும் வராமல் இருந்திருந்தால் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்திருக்குமே என்று ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். சந்தனமாரி நிழல் கிடந்த இடத்தையும் பஸ் ஸ்டாப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத் தாண்டிப் போனாவ. பஸ் ஸ்டாப்புல நின்னாவ. பெறவு இங்க வந்து விழுந்துட்டாவ" என்றாள் மெதுவாக. "நடுவுல என்ன நடந்துன்னு தெரியாட்டி என்ன டீச்சர்? அங்க நின்ன மனுசன் இங்க வரணும்னா, வீட்டப் பாத்து நடந்தாத்தான வர முடியும்?"

மெர்சி ஆமாம் என்று தலையை ஆட்டினார். வைகுண்டராமனுக்கோ மனசு கேட்கவில்லை, பொய்யான ஆறுதல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. தயங்கித் தயங்கி, அம்மா, அவர் எதையாவது மறந்து வைத்துவிட்டு எடுக்கத் திரும்பியிருக்கலாம், எடுத்துக்கொண்டு மறுபடியும் போயிருக்கலாம், கோபம் தீர்ந்துதான் திரும்பினார் என்று நிச்சயமாகச் சொல்வதற்கு இல்லை என்றார்.

சந்தனமாரி கல்லிலிருந்து எழுந்து, ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டுக்கொண்டாள். வைகுண்டராமன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

"நிச்சயம்லாம் எனக்கு எதுக்கு சார். நாப்பது வருசத்துல அவிய எதுக்குப் போனாவ, எதுக்கு வந்தாவன்னு ஒருநாளும் நிச்சயமாத் தெரிஞ்சதில்ல. பாதி வழி வந்துட்டாவல்லா. ஏறக்குறைய வீட்டுக்கு வந்துட்டாவ" என்று சொல்லிவிட்டு, மீதிப் பாதி வழியை அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.